கடைசிக் கூறு

வேகவதி ஆற்றை ஒட்டிய காலனியில் கிறிஸ்துமஸுக்கு ஒரு மாடு. அதில் வேதக்காரர் வீடு, மாரியம்மன் வீடு என்ற பேதம் கிடையாது. இருபத்திரண்டு வீடும் சேர்ந்து வாங்கும், இருபத்திரண்டு கூறாகப் பிரித்துக்கொள்ளும். சாமியில் ஒத்துப்போகாதவர்கள் கறியில் ஒத்துப்போனார்கள் என்று யாராவது கேலி செய்தால் செய்துவிட்டுப் போகட்டும். ஊருக்குள் இருந்த பெரிய மனிதர்கள் எதிலுமே ஒத்துப்போகவில்லை.

கூறு போடுவதற்கு ஒரு முறை உண்டு. வேதக்காரரின் சின்னக் கோயில் கொட்டகையில் இருபத்திரண்டு தேக்கிலையை வரிசையாகப் பரப்புவார்கள். ஒவ்வொரு இலையிலும் தொடைக்கறி நாலு துண்டு, கழுத்துக்கறி இரண்டு துண்டு, பிறகு ஈரல், எலும்பு, கொழுப்பு என்று எல்லாமும் கொஞ்சம் விழ வேண்டும். போட்டு முடிந்ததும் ஒருவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். இன்னொருவர் வரிசையின் முதல் இலையைக் குச்சியால் தொட்டு, "இது யாருக்கு?" என்பார். திரும்பி நிற்பவர் ஒரு பெயரைச் சொல்வார். எந்தக் கூறு எந்த வீட்டுக்கு என்பது யார் கையிலும் இல்லை. ஒரே ஒரு கூறு மட்டும் முன்கூட்டியே முடிவானது. வரிசையின் கடைசி இலை, கறி வெட்டியவனுக்கு. வெட்டுகிறவன் தனக்கென்று எதையும் ஒதுக்கக் கூடாது, எல்லாரும் எடுத்தபின் மிஞ்சியதுதான் அவனுக்கு என்று யாரோ யோசித்து வைத்த ஏற்பாடு.

பதினோரு வருடமாக அந்தக் கடைசி இலை தனசேகரனுடையது. ரயிலடிக்கு அப்பால் கவுஸ் பாய் வைத்திருந்த பெரிய கறிக் கடையில் அவன் இருபத்தாறு வருடமாகக் கத்தி பிடித்தவன். மாட்டுக்கறி தெரியாதவர்களுக்கு எல்லாமே சிவப்புதான். தெரிந்தவர்களே கூட, தோலும் கொழுப்பும் சீவிக் கைப்பிடி அளவு துண்டு போட்டுவிட்டால், தொடைக்கும் கழுத்துக்கும் தடுமாறுவார்கள். காலனி ஜனங்கள் பாதிப்பேர் தறிக்காரர் வீடுகளுக்குப் பாவு நீட்ட, அதாவது தறியின் நீளவாக்கு நூலை இழுத்துக் கட்ட, போகிறவர்கள். அதனால் கறியில் நார் ஓடும் திசைக்கும் பாவு என்றுதான் பெயர். தொடையில் பாவு நேராக ஓடும், அரை மணியில் வெந்து பஞ்சாகும். கழுத்தில் பாவு முறுக்கிக்கொண்டு ஓடும், நடுவே வெள்ளையாக நரம்பு புகுந்திருக்கும். அதுவும் உழவு மாட்டின் கழுத்து என்றால் நுகத்தடி உட்கார்ந்து உட்கார்ந்து காய்த்துப்போன சதை. ஒரு கட்டு விறகு எரிந்தாலும் அசையாது.

அந்த அறுபத்தாறாம் வருடம் வாங்கியது திருமுக்கூடல் பக்கத்து உழவு மாடு. வயதானது. அரிசிக்கு வரிசையில் நின்று சலித்துப்போன வருடம் அது. கறியாவது வயிறு நிறையக் கிடைக்கட்டும் என்று பிள்ளைகள் ஒரு மாதமாக நாளை எண்ணிக்கொண்டிருந்தன.

தனசேகரனுக்கு ஐப்பசியிலிருந்தே கண்ணில் புகை படிந்திருந்தது. முதலில் வலது கண், பிறகு இடது. முகம் தெரியும், மூக்கு தெரியாது. இலை தெரியும், இலையில் இருப்பது தெரியாது. கடையில் அவன் கட்டைவிரலால் பிழைத்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் அறுத்து வந்த கறி சூடாக, இளக்கமாக இருக்கும். விரலை ஒரு தரம் ஓட்டினால் பாவு எப்படி ஓடுகிறது, நரம்பு எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். வாடிக்கைக்காரர்கள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கவுஸ் பாய்க்கும் வரவில்லை.

அவன் மனைவி மேரிக்கு மட்டும் தெரியும். தண்ணீர் டம்ளரை அவன் கைக்குப் பக்கமாக நகர்த்தி வைப்பாள், செருப்பை வாசலில் நேராகத் திருப்பி வைப்பாள், வாயைத் திறந்து ஒன்றும் கேட்கமாட்டாள். ஒரே ஒரு முறை கேட்டாள்.

"ஏன்யா, கண்ணாஸ்பத்திரிக்கு ஒரு நடை போய்ட்டு வந்துடேன்."

"எதுக்கு?"

"சும்மாதான் கேட்டேன்."

"போனா கண்ணுல கட்டு கட்டிடுவான். கட்டோட போய் கடையில நின்னா பாய் கத்திய குடுப்பாரா? கண்ணு தெரியாதவன் கையில கத்திய குடுக்கறதுக்கு அவருக்கு இன்னா பைத்தியமா? வூட்ல ரெண்டு பொண்ணு இருக்குது மேரி. எனக்கு வேற தொழில் தெரியாது."

அதற்குப்பின் அவன் மறைத்தான், அவள் தெரியாததுபோல் நடித்தாள். இரண்டு பேருமே நன்றாகத்தான் செய்தார்கள்.

மாட்டை முந்தின நாள் சாயங்காலமே கவுஸ் பாயின் ஆள் வந்து அறுத்து, தோலுரித்துக் கொட்டகைக்கு எதிரே புளியமரத்தில் கட்டிவிட்டுப் போயிருந்தான். கத்தி கவுஸ் பாயுடையது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அதைத் தனசேகரனிடம் கொடுத்துவிட்டு, மறுநாள் கடைக்கு வரும்போது கொண்டுவரச் சொல்வார். விடியற்காலை ஐந்து மணிக்கே தனசேகரன் வெட்ட உட்கார்ந்துவிட்டான். மார்கழிக் குளிர். இரவெல்லாம் பனியில் தொங்கிய கறி விறைத்துப்போயிருந்தது. கொழுப்பு மெழுகாக இறுகி எல்லாத் துண்டிலும் ஒட்டிக்கிடந்தது. தொடையை அறுத்துத் தன் வலதுபக்கம் விரித்த கோரைப் பாயிலும் கழுத்தை இடதுபக்கக் கோரைப் பாயிலும் போட்டான். அதுவரை பிசகில்லை. பின்னங்காலும் கழுத்தும் இருக்கும் இடம் கண் தெரியாதவனுக்கும் தெரியும்.

பாதி வெட்டும்போது தூறல் போட்டது.

"அய்யோ, பாயெல்லாம் நனையுதே! தூக்குங்கமா உள்ளே!" என்று செல்லியம்மாள் கத்தினாள். செல்லியம்மாள், காலனித் தலைவர் பரசுராமனின் மனைவி. மேரியும் அவளும் ஆளுக்கு ஒரு பாயின் முனையைப் பிடித்துக் கொட்டகைக்குள் இழுத்துப்போட்டார்கள். தொடைப் பாய் இடதுபக்கமும் கழுத்துப் பாய் வலதுபக்கமுமாக விழுந்தன. கறிக்காரனிடம் போய் எது எந்தப் பக்கம் என்று யாராவது சொல்வார்களா? சொன்னால் அவனைக் கேலி செய்வதாக ஆகும்.

தனசேகரன் நனைந்த கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு நடுவில் வந்து உட்கார்ந்தான். வலதுபக்கத்திலிருந்து நாலு, இடதுபக்கத்திலிருந்து இரண்டு. அடுத்த இலை. வலதுபக்கத்திலிருந்து நாலு, இடதுபக்கத்திலிருந்து இரண்டு. விரல் மரத்துப்போயிருந்தது. கறி கல்லாக இருந்தது. கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. பன்னிரண்டாவது இலையில் வலதுபக்கப் பாய் காலியாகிவிட்டது.

"கெழட்டு மாடு. தொடை சிறுத்துப் போயிருக்குது" என்று முணுமுணுத்தான். மீதி இலைகளுக்கு இடதுபக்கத்திலிருந்தே போட்டு முடித்தான். கலைத்துத் திரும்பப் போடலாமா என்று ஒரு நிமிஷம் தயங்கினான். அதற்குள் கோயில் மணி அடித்துவிட்டது. பரசுராமன் குச்சியை எடுத்துக்கொண்டார், செல்லியம்மாள் சுவரைப் பார்த்து நின்றாள்.

"இது யாருக்கு?"

"மணியம்மா வூட்டுக்கு."

"இது யாருக்கு?"

"எங்க வூட்டுக்கு."

கேட்டவர்கள் சிரித்தார்கள். செல்லியம்மாள் எப்போதும் தன் வீட்டை இரண்டாவதாகச் சொல்லிவிடுவாள், அதற்குமேல் பொறுமை கிடையாது. அவரவர் கூறுகளை இலையோடு சுருட்டி வீட்டில் போட்டுவிட்டு ஆராதனைக்கு ஓடினார்கள்.

தனசேகரன் கடைசி இலையை மேரியிடம் கொடுத்தான்.

"இந்த வருஷம் நமக்கு கழுத்துதான் வந்துச்சு. பத்து வூட்டுக்கு அப்படித்தான். மனசுக்கு கஷ்டமா இருக்குது. நீ அடுப்ப நல்லா எரி, இன்னா?"

கோயிலிலிருந்து வந்து மேரி இலையைப் பிரித்தாள். அத்தனையும் தொடை. நேர்ப்பாவு, நரம்பில்லை, எல்லாம் ஒரே நிறம். ஒரு துண்டைத் திருப்பிப் பார்த்தாள், இன்னொன்றைத் திருப்பிப் பார்த்தாள். பாயை இழுத்துப்போட்ட தன் கையை நினைத்தாள். பன்னிரண்டு வீட்டுக்குக் கழுத்து போயிருக்கிறது. அவனுக்கு அது தெரியவில்லை. தெரியவில்லை என்பதையும் வெளியே சொல்ல முடியாது.

அவன் உள்ளே சட்டையை மாற்றிக்கொண்டிருந்தான். அவனிடம் சொல்லியிருக்கலாம். நல்ல நாளும் அதுவுமாக எப்படிச் சொல்வது என்று நினைத்தாள் பாவம். அவளாகவே சரிசெய்யப் பார்த்தாள். பாதிக் கறியை ஒரு குண்டானில் போட்டு முந்தானையால் மூடி, செல்லியம்மாள் வீட்டுக்குப் போனாள்.

"இந்தாக்கா. எங்களுக்கு இது அதிகம். பொண்ணுங்க ரெண்டும் சரியா துன்றதில்ல."

"இன்னாமே அதிகம்? எல்லாருக்கும் ஒரே கூறுதானே?" செல்லியம்மாள் குண்டானைத் திறந்தாள். ஆராதனைக்குப் போகுமுன்னே அவள் அடுப்பில் ஏற்றிவிட்டுப் போன கறி ஒரு மணி நேரமாகக் கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியால் குத்தினால் திருப்பி அடித்தது. குண்டானையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மேரி, இது பூராவும் தொடையா?"

"தெரியலக்கா" என்று சொல்லிவிட்டு மேரி திரும்பி நடந்தாள். தெரியலை என்று அவள் சொல்லியிருக்கக் கூடாது. கறிக்காரன் பெண்டாட்டி அப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்?

மத்தியானம் மூன்று மணிக்குப் புளியமரத்தடியில் கூட்டம் கூடிவிட்டது. பன்னிரண்டு வீட்டில் கறி வேகவில்லை. விறகு தீர்ந்து, பிள்ளைகள் குழம்பை மட்டும் ஊற்றித் தின்று அழுதுகொண்டே தூங்கிவிட்டன. பத்து வீட்டில் பண்டிகை நடந்திருந்தது. அதில் ஒரு வீடு தனசேகரனுடையது.

பரசுராமன் கெட்டவர் இல்லை. முனிசிபாலிட்டியில் மேஸ்திரி. காலனியில் நியாயம் பிசகக் கூடாது என்பதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"தனசேகரா, பதினோரு வருஷமா உன் கையால போட்டதுதான் துன்றோம். ஒரு வார்த்த வந்ததில்ல. இந்த வருஷம் இன்னா ஆச்சுபா?"

"இன்னாண்ணே ஆச்சு?"

"முதல் பன்னெண்டு கூறும் கழுத்து. பின்னாடி பத்தும் தொடை. கடைசி கூறு யாருதுன்னு எல்லாருக்கும் தெரியும்."

"இல்லண்ணே, எங்க கூறுல கழுத்துதான்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். உச்சிவேளையில் தின்ற கறி நாக்கில் ஞாபகம் வந்தது. அவசரமாகத் தின்றுவிட்டுப் படுத்திருந்தான். நன்றாக வெந்திருக்கிறது, மேரி அடுப்பை எரித்திருக்கிறாள் என்று நினைத்திருந்தான். முகத்தை மேரி நின்ற பக்கம் திருப்பினான். அவள் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்தில் அவனுக்குப் புரிந்துவிட்டது. தூறல், பாய், இடது வலது எல்லாம்.

"வூட்டு பொம்பளையே பயந்துக்கினு பாதிய எங்கிட்ட கொண்டாந்து குடுத்துட்டா. அப்பவே தெரிஞ்சுபோச்சு" என்றாள் செல்லியம்மாள்.

"நம்ம வூட்டு புள்ளைங்க வாயில மண்ண போட்டுட்டியேபா" என்றாள் மணியம்மாள். அவளுக்கு வந்தது முதல் கூறு.

அப்போது கவுஸ் பாயின் சைக்கிள் மணி கேட்டது. ஒவ்வொரு கிறிஸ்துமஸ் மத்தியானமும் தோலை எடுத்துப்போக அவர் வருவார், அந்த வீட்டில் ஒரு பலகாரம், இந்த வீட்டில் ஒரு டீ என்று நின்றுவிட்டுப் போவார். கூட்டத்தைப் பார்த்து, சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு ஓரமாக நின்றார்.

பரசுராமன் ஒரு தட்டை நீட்டினார். யாரோ உப்புக்கண்டம் போட எடுத்துவைத்திருந்த பச்சைக்கறி அதில் இரண்டு துண்டு இருந்தது.

"தெரியாம கைமாறிப்போச்சுன்னு சொல்லு, ஒத்துக்கறோம். ஆனா உனக்கு தெரியாம இருக்குமா? இது இன்னா, இது இன்னா, சொல்லு பாக்கலாம்."

இரண்டையும் தனசேகரன் கையில் வைத்தார். வெயிலில் இருந்த கறி இளகியிருந்தது. தனசேகரன் கட்டைவிரலை ஓட்டினான்.

"இது கழுத்து. இது தொடை."

ஒரு நொடிகூட ஆகவில்லை. கூட்டம் முழுக்க ஒரு சலசலப்பு ஓடியது.

"பார்த்தியா! இத்தன துல்லியமா தெரிஞ்சவன் பன்னெண்டு எலையில மாத்தி போடுவானா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

தனசேகரன் கவுஸ் பாய் நின்ற திசையில் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"நான்தாண்ணே ஒதுக்கினேன். பொண்ணுங்க கேட்டுதுங்க. ஆசையில செஞ்சுட்டேன். மன்னிச்சுக்குங்க."

மேரி அவனையே பார்த்தாள். இருபத்தாறு வருடத்தில் ஒரு வாடிக்கைக்காரருக்கும் கழுத்தைத் தொடை என்று சொல்லித் தராதவன். ஏன் அந்தப் பழியை ஏற்கிறான் என்று அவளுக்குத் தெரியும். காலனியில் திருடன் என்று பெயர் வாங்கினாலும் கடையில் நிற்கலாம். பாய் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டார், காலனிச் சண்டை என்று விட்டுவிடுவார். கண் தெரியாதவன் நிற்க முடியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் திங்கட்கிழமை காலையில் அவன் வழக்கம்போல் வேலைக்குப் போவான். அடுப்பு எரியும். கணக்கு அவ்வளவுதான். அவளும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாள்.

"இனிமே இவன் கூறு போட வேணாம்" என்றார் பரசுராமன். "தேவனுக்கு முன்னாடி திருடனவன்."

திருடன் என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் போட்ட கணக்கு கலைந்துபோனது. முன்னால் வந்து தட்டைப் பிடுங்கினாள். தனசேகரன் கையிலிருந்த இரண்டு துண்டையும் எடுத்துத் தட்டில் போட்டாள்.

"இப்ப சொல்லு. இது இன்னா கறி?"

"மேரி, வூட்டுக்கு போ."

"தொடாம சொல்லுயா."

அவன் கை தட்டை நோக்கி வந்தது. அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்து, தட்டைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டாள். சத்தமில்லாமல்தான் நகர்ந்தாள். தனசேகரனின் கண் தட்டு முன்பு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே ஒன்றுமில்லை, காற்றுதான் இருந்தது. அவன் அதையே உற்று உற்றுப் பார்த்தான். முன்னால் நின்றவர்கள் அதைக் கண்டார்கள், பின்னால் நின்றவர்களிடம் யாரோ கிசுகிசுத்தார்கள்.

"ஐப்பசிலேர்ந்து இப்படித்தாண்ணே" என்றாள் மேரி. "தூறல்ல பாய மாத்தி இழுத்து போட்டது நானு. அவரு வலதுபக்கம் தொடைன்னு நெனச்சு போட்டாரு. எலைய எங்கிட்ட குடுக்கும்போது, நமக்கு கழுத்துதான் வந்துச்சு, மனசு கஷ்டமா இருக்குதுன்னு சொன்னாரு. என் ரெண்டு பொண்ணு மேல சத்தியம். இவரு திருடல. இவருக்கு தெரியலண்ணே."

பரசுராமன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அட பாவி மனுஷா. முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா கத்தி யாருண்ணே குடுப்பாங்க?" என்றான் தனசேகரன். அழவில்லை. முகம் சுண்டிப்போயிருந்தது.

கவுஸ் பாய் மெல்ல நடந்து வந்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். மனிதர் நல்லவர். நல்லவர் என்பதால் கடையை மூடிவிட முடியுமா?

"தனசேகர், முதல்ல கண்ண காட்டலாம். பெரிய டாக்டரு வேலூர்ல இருக்காரு. நான் கூட்டிக்கினு போறேன், இன்ஷா அல்லா."

"சரிங்க பாய்."

"அதுவரைக்கும்..." பாய் கையை நீட்டினார். "கத்திய குடுப்பா. நானே எடுத்துக்கினு போறேன்."

ஒவ்வொரு வருடமும் கத்தி அந்த ராத்திரி தனசேகரன் வீட்டில் கிடக்கும். மேரி வீட்டிலிருந்து கொண்டுவர, கோணியில் சுற்றியிருந்ததை அவன் பிரித்தான், துண்டால் ஒரு முறை துடைத்தான், பிடியை முன்னால் வைத்து நீட்டினான். பாய் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி நீட்டினான். பாய் சுற்றி வந்து வாங்கிக்கொண்டார். தோலோடு சேர்த்து சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு யார் வீட்டிலும் அவர் டீ குடிக்கவில்லை.

கூட்டம் கலைந்தது. வீட்டுக்கு நடக்கும்போது மேரி அவன் கையைப் பிடித்தாள். அவன் உதறவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

"திருடனாவே இருந்துட்டு போயிருப்பேன் மேரி. உனக்கு இன்னா போச்சு?"

"உனக்கு போயிருக்காது. நம்ம பொண்ணுங்கள திருடன் பொண்ணுன்னு கூப்ட்டிருப்பாங்க. அது எனக்கு ஆவாது."

"இனிமே சோத்துக்கு?"

"தெரியலயா. பாவு நீட்ட நானும் போறேன். பாக்கலாம்."

விளக்கு வைத்தபின் செல்லியம்மாள் வந்தாள். உள்ளே வரவில்லை. குண்டானை வாசற்படியில் வைத்து, "எங்க அடுப்புல வெந்தது, கொஞ்சம் கொண்டாந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். மேரி சோற்றைப் போட்டு, குண்டானிலிருந்து இரண்டு துண்டு எடுத்து வைத்து, தட்டை அவன் கைக்குப் பக்கமாக நகர்த்தினாள். இப்போது அதை மறைத்துச் செய்ய வேண்டிய அவசியம் இல்லை.

அவன் ஒரு துண்டை எடுத்தான். கட்டைவிரலை ஓட்டப்போனவன் நிறுத்திக்கொண்டான். வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"மேரி, இது இன்னா கறி?"

இருபத்தாறு வருடத்தில் அவன் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்டதில்லை. மேரி விளக்கைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். நடுவில் வெள்ளையாக நரம்பு ஓடியது.

"கழுத்து" என்றாள். "மெதுவா மெல்லு."